குட்டி ரயில் இஞ்சின்... கைக்கு வேலை, மனசுக்குத் தெம்பு!

'வேலைக்குப் போன வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க. ரிட்டயர் ஆனதுதான் தாமசம், ஒண்ணு மாத்தி ஒண்ணா வருது!' உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்தப் பேச்சை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி என்று காரணம் தேடுவோம். மருந்தும் கொடுப்போம். ஆனால் நாற்பது வருஷம் ஓயாமல் உழைத்த இரண்டு கைகள் திடீரென்று மடியில் சும்மா கிடக்கின்றனவே, அதை யாராவது ஒரு நோயாக எண்ணிப் பார்த்தோமா?

இந்த மாதம் கஷாயம், சூரணம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஒரு பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்லப்போகிறேன். நீராவி ரயில் இஞ்சின்களின் குட்டி மாதிரிகளைச் சேர்ப்பது, அவற்றை நம் ஊர் இஞ்சின் போலவே மாற்றி அமைப்பது... இதுதான் அது. 'என்ன டாக்டர், ஹெல்த் பத்திரிகையில் பொம்மை ரயிலா?' என்று கேட்காதீர்கள். கண், கை, மனசு, குழந்தைகளின் பாதுகாப்பு எல்லாமே இதற்குள் இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

நம்ம ஊர் புகைவண்டி

உலகத்தில் பல நாடுகளில் இந்தப் பொழுதுபோக்கு நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1891-லேயே பொம்மை ரயிலுக்கென்று தண்டவாள அளவுகளை வகுத்துக் கொடுத்துவிட்டது. இங்கிலாந்தில் 1920-ல் ஹார்ன்பி ரயில்கள் வந்தன. நம் நாட்டில் புனே நகரத்தில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம், ஒரு தனி மனிதரின் ஆசையில் பிறந்ததுதான்.

அதெல்லாம் வசதி படைத்தவர்கள் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிக்காரர்களுக்கு இதில் தனி உரிமையே உண்டு. 1876-லேயே இங்கே ரயில் வந்துவிட்டது. பிறகு சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை என்று தாமிரபரணிப் படுகையை ஒட்டியே போய், மலையைக் குடைந்து, 1904-ல் கொல்லம் வரைக்கும் மீட்டர்கேஜ் பாதை சேர்ந்தது. திருச்செந்தூர்ப் பாதை 1923-ல் வந்தது. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஆற்றுப் பாலத்தில் 'கடகட'வென்று வண்டி போகும்போது, கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்த காலம் அது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழாத ஆள் அந்தத் தலைமுறையில் உண்டா?

திருச்செந்தூர்ப் பாதை 2008-லும், தென்காசிப் பாதை 2012-லும் அகல ரயில்பாதையாக மாறி முடிந்தன. அதற்கு முன்பே நீராவி போய் டீசல் வந்துவிட்டது. இனி அந்த இஞ்சின்கள் இந்த ஆற்றங்கரையில் ஓடப்போவதில்லை. ஆனால் உங்கள் வீட்டு மேஜை மேல் ஓடலாமே!

எந்த இஞ்சின்? எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் பக்கத்து மீட்டர்கேஜில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று 'ஒய்.பி.' பயணிகள் வண்டிக்கு. முன்னால் சின்னச் சக்கரம் நாலு, நடுவில் பெரிய சக்கரம் ஆறு, பின்னால் சின்னது இரண்டு. இன்னொன்று 'ஒய்.ஜி.' சரக்கு வண்டிக்கு. முன்னால் இரண்டு, நடுவில் எட்டு, பின்னால் இரண்டு. இரண்டு பக்கத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். இது தெரிந்துவிட்டால் பழைய ஃபோட்டோவைப் பார்த்த உடனே, 'ஏலே, இது ஒய்.பி. லே!' என்று பேரனிடம் ஜம்பமாகச் சொல்லலாம். சித்தரஞ்சன் தொழிற்சாலையில் கடைசியாகச் செய்யப்பட்ட மீட்டர்கேஜ் நீராவி இஞ்சின் ஒரு ஒய்.ஜி. 1972-ல் செய்தது.

ஒய்.பி.யின் பெரிய சக்கரம் 1372 மில்லிமீட்டர் விட்டம். ஒய்.ஜி.யின் சக்கரம் 1219 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடையில் கிடைக்கும் குட்டி இஞ்சின்கள் பல அளவில் வரும். 87-ல் ஒரு பங்கு அளவுதான் உலகத்தில் ரொம்பப் பிரபலம். அந்த அளவில் ஒய்.பி.யின் சக்கரம் 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வயசானவர்களுக்கு இன்னும் பெரிய அளவு தேவைப்படும். அதற்கு இருபத்திரண்டரையில் ஒரு பங்கு அளவு இருக்கிறது. அதன் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். இருபத்திரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். 1012 மில்லிமீட்டர் சொச்சம் வரும். அதாவது, சரியாக நம்ம மீட்டர்கேஜ்! 1968-ல் ஒரு ஜெர்மன் கம்பெனி, மீட்டர்கேஜ் ரயில்களை மனதில் வைத்தே இந்த அளவைக் கொண்டுவந்தது. இதில் ஒய்.பி. சக்கரம் 61 மில்லிமீட்டர் வரும். கண்ணுக்கும் சுகம், விரலுக்கும் சுகம்.

கல்யாணப் பத்திரிகையில் ஒரு இஞ்சின்

வெளிநாட்டு இஞ்சின் ஒன்றின் விலையைக் கேட்டால் மயக்கம் வந்துவிடும். அதனால் முதல் இஞ்சினை நீங்களே செய்யுங்கள். என்னென்ன தேவை தெரியுமா?

உடம்புக்கு, பீரோவில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டைகள். பாய்லருக்கு பி.வி.சி. பைப் துண்டு. புகைபோக்கிக்குப் பேனா மூடி. சக்கரத்துக்குப் பொத்தான், இல்லையென்றால் பாட்டில் மூடி. ஸ்லீப்பர் கட்டைக்குத் தீக்குச்சி (மருந்து முனையை வெட்டிப் போட்டுவிட்டு!). கம்பிகளுக்குப் பூ கட்டும் கடையில் கிடைக்கும் மெல்லிய கம்பி.

அளவை எங்கே பிடிப்பது? இங்கேதான் அந்த 1372 வருகிறது. இஞ்சினைப் பக்கவாட்டில் நேராக எடுத்த ஃபோட்டோ ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதில் பெரிய சக்கரத்தின் விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு பாய்லர் நீளம் அந்தச் சக்கரத்தைப் போல எத்தனை மடங்கு, புகைபோக்கி எத்தனை மடங்கு என்று பார்த்து எழுதுங்கள். உங்கள் மாதிரியின் சக்கரம் எத்தனை மில்லிமீட்டரோ, அதை அதே மடங்கால் பெருக்கினால் எல்லா அளவும் கைக்கு வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பையனுக்கு விகிதம் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கடையில் வாங்கிய பொம்மை இஞ்சின் வீட்டில் இருந்தால், அதை நம் ஊர் இஞ்சினாக மாற்றுவது இன்னும் சுவாரசியம். பளபளப்பான பெயிண்டை நைஸான உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்குங்கள். முன்னால் பெரிய விளக்கு வையுங்கள். நம்பர் பலகையில், உங்கள் அப்பா ஓட்டிய இஞ்சினின் நம்பர் ஞாபகம் இருந்தால் அதையே எழுதுங்கள். துரு பிடித்த மாதிரி காட்டக் காவிக்கல் பொடி. நிலக்கரிக்கு அடுப்புக்கரியை உடைத்துச் சலித்த குறுணை. பாதைக்கு இரண்டு பக்கமும் திருச்செந்தூர்த் தேரிக்காட்டுச் செம்மணல் தூவி, தென்னந்துடைப்பக் குச்சியில் நாலு பனைமரம் நட்டுவிட்டால்... அடடா, வண்டி நாசரேத் தாண்டிப் போவது கண்ணுக்குத் தெரியும்!

அம்பாசமுத்திரத்து மரச்சொப்புக்காரர்களையும் மறந்துவிடாதீர்கள். கடைசல் இயந்திரத்தில் மரத்தைச் சுழலவிட்டு, அரக்கைச் சூடு பறக்க அழுத்தி நிறமேற்றும் கலை அவர்களுடையது. பாய்லர், புகைபோக்கி, சக்கரம் எல்லாமே உருண்டை வடிவம்தானே! அளவு எழுதிக் கொடுத்தால் கடைந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். சிறு குழந்தைகள் உருட்டி விளையாட இந்த மர இஞ்சினே ஏற்றது.

இதில் உடம்புக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. பொம்மை இஞ்சின் செய்தால் சர்க்கரை இறங்கும், மறதி நோய் வராது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒரு விஷயம் தெரியும். அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல வருஷம் கவனித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். வாசிப்பது, பலகை விளையாட்டு, வாத்தியம் வாசிப்பது, நடனம் போன்றவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களிடம் மறதி நோய் குறைவாக வந்திருந்தது. பொழுதுபோக்குதான் நோயைத் தடுத்ததா, இல்லை நோய் வரப்போகிறவர்கள் முன்கூட்டியே பொழுதுபோக்கை விட்டுவிட்டார்களா என்பதை அந்த ஆராய்ச்சி அறுதியிட்டுச் சொல்லவில்லை. குட்டி இஞ்சின் அந்தப் பட்டியலில் இல்லவும் இல்லை. ஆனாலும் புத்தியும் கையும் சேர்ந்து வேலை செய்வது நல்லதுக்கே என்று எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

அதைவிட முக்கியமான லாபம் ஒன்று உண்டு. நுணுக்கமான கைவேலை, உடம்பில் இருக்கும் கோளாறை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்!

ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் என்னிடம் வந்தார். "தூக்கமே வரமாட்டேங்கு வைத்தியரய்யா. பகல்ல என்ன செய்யதுன்னு தெரியல. டி.வி.யைப் பாத்துக்கிட்டே கெடக்கேன்" என்றார். நாடி பார்த்தேன், ரத்தப் பரிசோதனைகளையும் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. பேச்சோடு பேச்சாக, "உங்களுக்கு ஒய்.பி. இஞ்சின் தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்! அரை மணி நேரம் வால்வு, பிஸ்டன் என்று அவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார். "பேரனுக்கு அட்டையில ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, பாதி செய்த இஞ்சினோடு வந்தார். "தூக்கம் பரவாயில்ல. ஆனா இந்தச் சின்னச் சக்கரத்த ஒட்டும்போது ஒண்ணு ரெண்டாத் தெரியுதே, வலது கண்ணுல மட்டும். என்னன்னு பாருங்க" என்றார். உடனே கண் மருத்துவரிடம் அனுப்பினேன். கண்புரை! டி.வி. பார்க்கும்போது தெரியாத குறை, சக்கரம் ஒட்டும்போது தெரிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, இப்போது இரண்டாவது இஞ்சினில் இறங்கியிருக்கிறார். கவனியுங்கள், புரையைக் குணமாக்கியது ஆபரேஷன்தான். புரை இருப்பதைச் சொன்னது இஞ்சின்.

இதே மாதிரி கை நடுக்கமும் வெளிப்படும். ஊசி கோக்கும்போது மட்டும் லேசாக நடுங்கினால் பயம் வேண்டாம். பலருக்கும் உள்ளதுதான். சும்மா மடியில் வைத்திருக்கும்போதே ஒரு கை மட்டும் நடுங்குகிறது, எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகிறது, நடை தளர்கிறது என்றால் நரம்பு மருத்துவரைத் தாமதிக்காமல் பாருங்கள்.

மறதி நோய் வந்த பெரியவர்களிடமும் இஞ்சினைக் கொடுத்துப் பார்க்கலாம். காலையில் சாப்பிட்டது மறந்திருக்கும். ஐம்பது வருஷத்துக்கு முன் ஏறிய வண்டி ஞாபகம் இருக்கும். 'தாத்தா, இந்த வண்டியில எந்த ஊருக்குப் போனீங்க?' என்று கேளுங்கள். நோய் குணமாகாது. ஆனால் பேச்சுக்கு ஒரு வாசல் திறக்கும். ஆச்சிகளையும் விட்டுவிடாதீர்கள். கல்யாணமாகி முதன்முதல் புகுந்த வீட்டுக்கு வந்தது அந்த வண்டியில்தான் என்று சொல்ல எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ!

நிஜமாகவே ஆவியில் ஓடும் இஞ்சின்

சில குட்டி இஞ்சின்கள் நிஜமாகவே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஓடும். சித்த வைத்தியத்துக்கு ஆவி புதிதல்ல. வாலையில் வைத்து வடிக்கும் தீநீரும், போர்வைக்குள் பிடிக்கும் வேதும் நம் மருந்து வகைகள்தாம். ஆனால் வேது பிடிக்கும் ஆவி திறந்த வெளியில் கலைந்து போகிறது. இஞ்சினில் ஆவியை அடைத்து வைக்கிறோம். அங்கேதான் சக்தியும் வருகிறது, ஆபத்தும் வருகிறது. சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியானால் 1600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஒய்.பி. இஞ்சினின் பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது ஏறக்குறைய 15 பவுண்டில். குக்கருக்கே பயப்படுகிறோமே!

ஒய்.பி. இஞ்சினில் இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பிஸ்டனை ஆவி முன்னும் பின்னும் தள்ளும். அதனால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு 'சுக்'. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 930 'சுக்'! வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு ஐந்து. நாம் கேட்டு மயங்கிய தாளம் இதுதான்.

குட்டி இஞ்சினில் இந்தத் தாளம் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஏன்? 1763-64-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வாட்டிடம் ஒரு மாதிரி நீராவி இயந்திரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் ஓடும், நின்றுவிடும். ஆவி அநியாயமாக வீணாவதைப் பார்த்து யோசித்துத்தான் 1765-ல் தனிக் குளிர்கலம் என்ற யோசனைக்கு வந்தார். நீராவி யுகத்தையே மாற்றியது ஒரு பொம்மை அளவு இயந்திரம்! ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், மேல்பரப்பு நூறில் ஒன்றாகக் குறையும். உள்ளே இருக்கும் கொள்ளளவோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே சின்னப் பொருள் சீக்கிரம் சூட்டை இழக்கும்.

இதையே உங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கும் பொருத்திப் பாருங்கள். உங்களுக்கு 'லேசான காற்று' என்பது, மூன்று கிலோ எடையுள்ள சிசுவுக்குப் பெரிய குளிர். குளிப்பாட்டினால் உடனே துவட்டி, தலையையும் சேர்த்து மூடுங்கள். ஈரத்தோடு வைத்துக்கொண்டு சாம்பிராணி, பவுடர், மை என்று நேரத்தை ஓட்டாதீர்கள். பாய்லரும் பாப்பாவும் ஒரே கணக்குதான்!

கவனம்... கவனம்!

இனி சொல்வதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஈயம்: ஈயத்தில் இரண்டு உண்டு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு சுத்தமான வெள்ளீயமாக இருக்க வேண்டியது. காரீயம் வேறு, அது விஷம். ஒயர், தகரம் பற்றவைக்கும் சாதாரண சால்டரில் இரண்டும் கலந்திருக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பற்றவைக்கும் புகையில் வருவது பெரும்பாலும் பிசின் புகை. அது ஆஸ்துமாவைக் கிளப்பும். காரீயம் போவது விரல் வழியாக வாய்க்கு! எனவே காரீயம் கலக்காத சால்டர் கேட்டு வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கைத் தொடாதீர்கள். சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

2. திருவிழா தகரப் படகு: திருவிழாக் கடைகளில் விளக்கு ஏற்றினால் 'டப்டப்' என்று தொட்டித் தண்ணீரில் ஓடும் தகரப் படகு விற்பார்கள். அதுவும் நீராவி இஞ்சின்தான். அந்தக் குழாயில் தண்ணீர் நிரப்பக் குழந்தைகள் வாயை வைத்து உறிஞ்சுவார்கள், ஊதுவார்கள். விடாதீர்கள்! மூட்டுகளில் சால்டர் இருக்கலாம். இங்க் ஃபில்லரால் நிரப்பிக் கொடுங்கள். விளக்கை நீங்களே ஏற்றுங்கள்.

3. பழைய பெயிண்ட்: நம் நாட்டில் வீட்டு பெயிண்டுகளில் காரீயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்ற விதி 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பரணில் கிடக்கும் பழைய தகர இஞ்சினைச் சுரண்டித் தேய்க்கும் முன் யோசியுங்கள். அந்தத் தூள் பறக்கக் கூடாது. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதே நல்லது. பழைய நீராவி பொம்மைகளில் பாய்லரைச் சுற்றி வெள்ளை நார் மாதிரி இருந்தால் கை வைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். புதிய பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி முதல் அது கட்டாயம்.

4. எரிபொருள்: ஸ்பிரிட் விளக்கின் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினால் குப்பென்று பிடிக்கும். முழுவதும் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். புகை வருவதற்கு ஊற்றும் எண்ணெய், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

5. பாய்லர்: பாதுகாப்பு வால்வு இல்லாத பாய்லர் வேண்டாம். டப்பாவை அடைத்து நீங்களே பாய்லர் செய்யும் விபரீத ஆசையும் வேண்டாம். தண்ணீர் வற்ற விடாதீர்கள். குழந்தைகள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும்.

6. சுட்டுவிட்டால்: குழாயைத் திறந்து, சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். இங்க், டூத்பேஸ்ட், மாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன், முதல் மருந்து தண்ணீர்தான்! கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டில் பட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

7. சின்னப் பொருட்கள்: பொத்தான் பேட்டரி, குட்டி காந்தம் இரண்டும் எமன். பேட்டரி உணவுக்குழாயை அரித்து ஓட்டை போட்டுவிடும். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். விழுங்கிய சந்தேகம் இருந்தாலே போதும், வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில், உயரத்தில் வையுங்கள்.

8. பைப்: பி.வி.சி. பைப்பைத் தீயில் காட்டி வளைக்காதீர்கள். அந்தப் புகை நுரையீரலை எரிக்கும். வாளால் அறுங்கள்.

உட்காரும் முறை

முப்பது நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் குனிந்து உட்காராதீர்கள். கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும், வாதம் ஏறும். அலாரம் வைத்து எழுந்து, மோர் குடிக்கவோ வாசல் வரை நடக்கவோ செய்யுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருக்கும் ஒரு பொருளை இருபது விநாடி பாருங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்து வேலை செய்ய வேண்டாம். வெளிச்சம் இடது தோளுக்கு மேலிருந்து வரட்டும். இடது கைக்காரர்களுக்கு வலது பக்கமிருந்து. சர்க்கரை நோயாளிகள் பிளேடால் விரலைக் கீறிக்கொண்டால் சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள்.

சேர்ப்பதா, குவிப்பதா?

வீட்டுக்காரம்மாக்கள் கேட்கும் கேள்வி இது. "ஓய்வூதியம் பூராவும் இஞ்சினுக்கே போயிரும் போலிருக்கே!" நியாயமான பயம். நல்ல சேகரிப்பாளருக்கு அடையாளம், தன்னிடம் உள்ள ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு கதை சொல்லத் தெரியும். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அடுத்ததை வாங்குவது, விலையை மறைப்பது, கடன் வாங்குவது, நடக்க வழியில்லாமல் பொருளை அடைப்பது... இவை மனசு சரியில்லை என்பதன் அறிகுறிகள். மாதம் இவ்வளவுதான் என்று குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒன்றைச் செய்து முடித்த பிறகே அடுத்தது என்று வைத்துக்கொண்டால் பர்ஸும் தப்பும், பரணும் தப்பும்.

எல்லாவற்றிலும் ஆசை விட்டுப்போய், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், 'இருந்து என்ன பிரயோசனம்' என்று ஒருவர் பேசினால் அவருக்கு இஞ்சின் போதாது. வைத்தியம் வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போய்ப் பார்க்க

பேரன் பேத்திகளோடு ஒரு பயணம் போட்டால் ஆர்வம் தானாக வரும். சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தில் பழைய இஞ்சின்களைத் தொட்டுப் பார்க்கலாம். நிஜமாகவே புகை விட்டு ஓடுவதைப் பார்க்க மேட்டுப்பாளையம் போங்கள். 12 அடி போனால் ஒரு அடி ஏறும் செங்குத்தில், பல்சக்கரத்தால் தண்டவாளத்தைப் பிடித்து ஏறுகிற நீலகிரி மலை ரயில், 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பாதைக்குத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புது நீராவி இஞ்சின்களைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். நம் கைக்கு அந்த வித்தை இன்னும் மறக்கவில்லை!

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் பசை போதும். செய்து முடித்ததும் அடியில் ஒரு சீட்டு ஒட்டி, யார் செய்தது, எந்த வருஷம், எந்த வண்டியின் நினைவாக என்று எழுதி வையுங்கள். பெரியவர்களைக் கேட்டு அந்த விவரத்தை எழுதும் வேலையைப் பேரக்குழந்தையிடம் கொடுங்கள். ஆவியில் ஓடிய வண்டியில் ஏறியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் அல்லவா?